முத்து வாங்கும்போது பல்லை நம்பாதீர்கள்

முத்து வாங்கி மாலை கோக்கப் புதிதாக வருபவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். பிளாஸ்டிக் மணியை முத்தென்று வாங்குவதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அதைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

பல்லில் உரசி ‘இயற்கை முத்து’ என்று முடிவுகட்டுவது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. முன்பல்லில் உரசினால் நறநறக்கிறது, சரி. மேலே இருப்பது சிப்பி சுரந்த படலம் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சிப்பிக்குள் மனிதர் உருண்டையோ சதைத் துணுக்கோ வைத்து வளர்த்தெடுக்கும் வளர்ப்பு முத்தின் மேலும் அதே படலம்தானே!

ஒரு காலத்தில் முத்து என்றாலே பாரசீக வளைகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் மூழ்கி எடுத்ததுதான். 1917இல் கார்ட்டியே நகை நிறுவனம் இரட்டைச் சர முத்துமாலையும் 100 டாலரும் கொடுத்து நியூயார்க்கில் ஒரு மாளிகையையே வாங்கியது. அதற்கு முன்பே, 1893இல், ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி சிப்பிக்குள் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்துவிட்டார். இன்று விற்பனையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள்.

இது தெரிந்தும், அண்மையில் ஒரு தம்பி பழைய சரம் ஒன்றை இயற்கை முத்தின் விலைக்கே வாங்கிவந்தார். “பல்லில் பார்த்துட்டேன் அக்கா” என்றார். துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். படலம் மெல்லிய வளையம்போல் முடிந்து, உள்ளே சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை தெரிந்தது. எக்ஸ்ரே பரிசோதனையும் அதையே சொன்னது. பில்லில் வெறும் ‘முத்து’ என்றுதான் இருந்தது, பணம் திரும்பவில்லை.

உருண்டை வைக்காமல் வளர்த்த முத்தில் அந்த வளையம்கூட இருக்காது. அதனால் ‘இயற்கை’ என்று யாராவது விலை சொன்னால், ஆய்வகத்தின் எக்ஸ்ரே அறிக்கையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லிலும் அந்தச் சொல் இருக்க வேண்டும்.

நன்னீர் முத்தை மட்டமாக நினைப்பது

பெரும்பாலான நன்னீர் முத்துகளில், அதாவது ஆறு, ஏரிச் சிப்பிகளில் வளர்ப்பவற்றில், உருண்டை வைப்பதில்லை. சதைத் துணுக்கு மட்டுமே. அதனால் உள்வரை படலம்தான். அவசரமாக அறுவடை செய்த அகோயாவில் (உருண்டை வைத்து வளர்க்கும் கடல் முத்து) படலம் மெலிதாக இருந்து, துளையோரத்தில் உரிய ஆரம்பிக்கும். நான் நல்ல நன்னீர்ச் சரத்தையே எடுப்பேன்.

கறுப்பென்றால் தஹிதி

கறுப்பு முத்தெல்லாம் பசிபிக் தீவான தஹிதியின் முத்து அல்ல, சாயமாகவும் இருக்கலாம். சாயம் தேங்கியிருக்கிறதா என்று துளையோரம் பாருங்கள்.

அல்ட்ராசோனிக் கழுவல்

ஒலியதிர்வால் நகை கழுவும் இயந்திரம் முத்துக்கு வேண்டவே வேண்டாம். ஈரத்துணி போதும்.

முடிச்சில்லாமல் கோப்பது

முத்தும் முத்தும் உரசித் தேயும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டுநூல் முடிச்சு.