அந்தமான் போகிறீர்களா? டிக்கெட் போடுமுன் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள்

அந்தமான் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி எந்தத் தீவில் எத்தனை நாள் என்பதுதான். அதை அப்புறம் பார்க்கலாம். பவளப்பாறை, பறவை, ஆமை இதையெல்லாம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் காலண்டரை எடுத்து அமாவாசை, பௌர்ணமி தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை ஒட்டித்தான் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அங்கே எது எப்போது கண்ணில் படும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஏற்ற வற்றம்தான் முடிவு செய்கிறது.

நான் முதல் தடவை போனது பேக்கேஜில். நீல் தீவில் (இப்போதைய பெயர் ஷஹீத் த்வீப்) லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாலத்துக்குக் கடல் ஏறியிருந்த நேரத்தில் கூட்டிப் போனார்கள். பாறையைப் பின்னால் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். இரண்டாவது தடவை நானே நேரம் பார்த்து, வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றேன். முன்பு அலை அடித்த இடம் முழுக்கப் பாறைக் குட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உலகம். கடல் அட்டை, நட்சத்திர மீன், நண்டு, வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட குட்டி மீன்கள். ஒரே குட்டைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், முதலில் கல் என்று நினைத்தது நகரும்.

நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 6 மணி நேரம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அன்றைய அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அங்கே நெட் எப்போது வரும் என்று நம்ப முடியாது, அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு வாரத்துக்குச் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், தலைநகர் போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

ஸ்நோர்கெலிங்குக்கு, அதாவது மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பதற்கு, இது அப்படியே தலைகீழ். ஆழம் குறைந்த இடத்தில் வற்றத்தின்போது இறங்கினால் வயிறும் முட்டியும் பவளத்தில் உரசும், உங்களுக்கும் காயம், அதற்கும் சேதம். நீல் தீவின் பரத்பூரிலோ ஹேவ்லாக் தீவின் (இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப்) எலிஃபென்ட் பீச்சிலோ தண்ணீர் போதுமான அளவு இருக்கும்போது காலையிலேயே இறங்குங்கள். பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உயிருள்ளது, அதன்மேல் நிற்கவே கூடாது. கடல் சூடேறி 2010-லும் 2016-லும் அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. நாமும் போய் மிதித்தால் மீண்டு வருவது எங்கே? சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது, வெயிலும் தாக்காது, ரசாயனமும் கடலில் கரையாது. ஓரிடத்தில் மிதந்தபடி காது கொடுத்துக் கேளுங்கள், கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகவே கேட்கும். வண்டூர் தேசியப் பூங்காவின் ஜாலி பாய் தீவுக்குப் போவதானால் பிளாஸ்டிக் எதையும் எடுத்துப் போக முடியாது, பையை முதல் நாளே சரி பண்ணிவிடுங்கள்.

அமாவாசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலா இல்லாத இரவில் ஹேவ்லாக்கில் கயாக் படகில் கூட்டிப் போகிறார்கள். துடுப்பு போடும் இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னும், கையை விட்டு அளைந்தால் விரல் நுனியில் பொறி பறக்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை மின்னியது ஞாபகம் இருக்கிறதா, அதைப்போலவே இதுவும் கலங்கினால் ஒளிவிடும் நுண்ணுயிர்களின் வேலைதான். போனில் படம் சரியாக விழாது. பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

அடுத்தது சூரியன். கடிகாரம் நம் இந்திய நேரம்தான், ஆனால் தீவு கிழக்கே வெகு தூரத்தில் இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு டிபன் முடித்துக் கிளம்புகிறவர்களுக்கு பாதி நாள் போய்விட்டது. பறவை பார்க்க வேண்டுமானால் ஐந்தரைக்கெல்லாம் சிடியா டாப்புவில் இருங்கள், போர்ட் பிளேரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் வால்காக்கை எல்லாம் இந்தத் தீவுகளுக்கே உரியவை. நம் மாநிலப் பறவையான மரகதப் புறாவும் அங்கே தரையில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும், ஊரில் பார்க்காதவர்கள் அங்கேயாவது பார்த்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு தங்கும் இடத்திலேயே மரத்தண்டுகளைக் கவனியுங்கள், பளீர் பச்சையில் ஒரு பகல் பல்லி ஓடும். அதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் மடகாஸ்கர் பக்கம் இருக்க, இது மட்டும் இங்கே எப்படி வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புதான்.

மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று முதலை. அலையாத்திக் காடு, கழிமுகம் பக்கம் உப்புநீர் முதலை உண்டு, 2010-ல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைப் பக்கம் ஸ்நோர்கெலிங் செய்த ஒரு பயணி அதற்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்காதீர்கள். இரண்டு, சங்கு, சிப்பி. அழகாக இருக்கிறது என்று பொறுக்காதீர்கள், துறவி நண்டுக்குக் காலிச் சங்குதான் வீடு, அது வளர வளரப் பெரிய கூடாகத் தேடி மாற வேண்டும். பவளத்துண்டு எடுத்தால் சட்டப்படியே குற்றம், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். மூன்றாவது, பாராடாங் தீவுக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்களைப் பார்க்கலாம் என்று ஆசை காட்டும் ஆளோடு போகாதீர்கள். போட்டோ எடுப்பதும் சாப்பாடு கொடுப்பதும் குற்றம், அதற்கெல்லாம் மேல் அவர்கள் மனிதர்கள், வேடிக்கைப் பொருள் இல்லை.

நாள் மிச்சம் இருந்தால், அதுவும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால், வடக்கே திக்லிபூருக்கு அருகில் உள்ள காலிபூர் கடற்கரைக்குப் போங்கள். சாலை வழியாகப் போனால் ஒரு முழுப் பகல் ஓடிவிடும், இருந்தாலும் போங்கள். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று நான்கு வகையும் முட்டையிட வரும் கரை அது. வனத்துறை ஆட்களோடு மட்டும் போங்கள், டார்ச்சை அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது, ஆமை கரையேறும்போது குறுக்கே நிற்காதீர்கள். அது முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிய பிறகு மணலில் இரண்டு பக்கமும் துடுப்பு பதிந்த தடம் கிடக்கும். அதை மிதித்து அழித்துவிடாதீர்கள், முட்டை எங்கே இருக்கிறது என்று காலையில் வருகிறவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.