நம்ம லெக்சர நாமளே ஆராய்ச்சி பண்ணி பாக்குறது எப்படி

செமஸ்டர் முடிவுல குடுக்குற ஃபீட்பேக் ஃபோர்ம மட்டும் வச்சு நம்ம படிப்பிக்கிறது நல்லா இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணாதீங்க. அதுல தெரியிறது லெக்சரர் நேரத்துக்கு வந்தாரா, ஸ்லைட்ஸ் தெளிவா இருந்துச்சா, பிள்ளைங்களுக்கு நம்மள பிடிச்சிருக்கா, இவ்வளவுதான். பாடம் வெளங்குச்சான்னு தெரியணும்னா நாமதான் தேடணும், சொந்தப் பாடத்துல எப்படி ஆராய்ச்சி பண்றோமோ அதே கவனத்தோட. 1990ல அமெரிக்காவுல கல்விக்காக வேலை செய்ற கார்னகி ஃபவுண்டேஷன் தலைவரா இருந்த எர்னஸ்ட் போயர், படிப்பிக்கிறதையும் ஆய்வுக்கு சமமான அறிவு வேலையா எடுக்கணும்னு எழுதினாரு, அதுக்கப்புறம்தான் இது தனித் துறையாவே வளந்துச்சு.

முதல்ல கேள்விய சின்னதாக்குங்க. "பிள்ளைங்க ஏன் கவனிக்கிறதில்ல"ன்னு கேட்டா எங்க தொடங்குறதுன்னே தெரியாது. நம்ம பக்கத்து நெலமைக்கு ஏத்த ஒரு கேள்வி சொல்றேன். ஹட்டன், பண்டாரவளை பக்கம் தோட்டத்து ஸ்கூல்கள்ல ஏஎல் வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை பேராதனை யுனிவர்சிட்டிக்கோ பதுளை ஊவா வெல்லஸ்ஸ யுனிவர்சிட்டிக்கோ வந்து இங்கிலிஷ் லெக்சர்ல வாயே தொறக்காம ஒக்காந்திருக்கு. அந்தப் பிள்ளைக்கு பாடம் வெளங்கலையா, இல்ல வெளங்கியும் இங்கிலிஷ்ல சொல்ல வரலையா? ரெண்டுக்கும் மருந்து வேற வேற. நாமளா ஊகிச்சு "இவங்களுக்கு பேஸ் சரியில்ல"ன்னு ஒதுக்கிட்டா அந்தப் பிள்ளையோட நாலு வருஷம் வீணாப் போகும், அதனாலதான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இத எப்படி கண்டுபிடிக்கிறது? ஒரு சின்ன கேள்வி எடுங்க. ஸ்டேட்ஸ் (புள்ளிவிபரவியல்) பாடம்னா, பத்துப் பேர் தேயிலைக் கொழுந்து எடுத்த நிறை இருக்கு, அதுல ஆகக் கூட எடுத்தவங்களோட நிறை மட்டும் இன்னும் ரெண்டு மடங்காச்சுன்னா சராசரி மாறுமா, மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற அளவு) மாறுமா, ஏன்? கணக்குப் போடத் தேவையில்ல, யோசிச்சா போதும். இதையே தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூணுலயும் அச்சடிச்சு குடுங்க, எந்த மொழியில வேணும்னாலும் கலந்தும் எழுதலாம்னு சொல்லுங்க. தமிழ்ல சரியா எழுதுற பிள்ளை இங்கிலிஷ் டியூட்டோரியல்ல தடுமாறுதுன்னா பிரச்சின மொழியில. தமிழ்லயும் தடுமாறுதுன்னா பாடத்துல. ஹார்வர்ட்ல பிசிக்ஸ் படிப்பிக்கிற எரிக் மசூர் இந்த மாதிரி கணக்கில்லாம அடிப்படை வெளங்குச்சான்னு பாக்குற கேள்வி குடுத்துப் பாத்துதான், பெரிய பெரிய கணக்கெல்லாம் போடுற பிள்ளைங்களுக்கு அடிப்படையே வெளங்கலன்னு கண்டுபிடிச்சு, 1990கள்ல தன்னோட வகுப்பையே மாத்தினாரு.

அதோட லெக்சர் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அரைத்தாள் ஒன்னு குடுங்க. இன்னைக்கு முக்கியமா என்ன படிச்சீங்க, எது இன்னும் வெளங்கல, ரெண்டே கேள்வி, பேர் வேண்டாம். அன்னைக்கு ராத்திரியே வாசிச்சு ஒரே மாதிரி பதிலெல்லாம் ஒன்னா அடுக்குங்க, அடுத்த லெக்சர்ல மொத வேலையா அதுக்குப் பதில் சொல்லுங்க, சொல்லலன்னா கொஞ்ச நாள்ல பிள்ளைங்க எழுதுறதையே விட்டுருவாங்க. கூகுள் ஃபோர்ம் அனுப்பலாமேன்னு தோணும். தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் கெடைக்காத பிள்ளைதான் பதில் போடாது, நமக்கு முக்கியமா தெரிய வேண்டியதே அந்தப் பிள்ளையோட பதில், அதனால பேப்பர்தான் நல்லது.

மாத்துறப்போ ஒன்ன மட்டும் மாத்துங்க. உதாரணமா, கேள்வி கேட்டதும் பக்கத்துல இருக்கிறவங்களோட தாய்மொழியில பேச ரெண்டு நிமிஷம் குடுக்குறது. ஸ்லைட்ஸையும் அசைன்மெண்டையும் சேத்து மாத்தினீங்கன்னா எதுனால முன்னேற்றம் வந்துச்சுன்னு சொல்ல முடியாது.

மாத்துறதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அதே டெஸ்ட்ட வச்சா, வெறும் கூடின புள்ளிய பாக்காதீங்க. கூடினத, கூடுறதுக்கு மிச்சம் இருந்த புள்ளியால பிரிங்க. நூத்துக்கு 40ல இருந்து 70 வந்த வகுப்பும் 70ல இருந்து 85 வந்த வகுப்பும் ரெண்டும் 0.5தான். அமெரிக்காவுல பிசிக்ஸ் படிப்பிச்ச ரிச்சர்ட் ஹேக் 1998ல ஆறாயிரத்துக்கும் மேல பிசிக்ஸ் ஸ்டூடண்ட்ஸோட புள்ளிய இப்படி கணக்குப் பாத்தாரு. வெறும் லெக்சர் வகுப்புகளுக்கு சராசரி 0.23, பிள்ளைங்க பேசி யோசிச்ச வகுப்புகளுக்கு 0.48. போன பெட்ச்சோட ஒப்பிடுறதா இருந்தா கவனம், கொரோனா காலத்துல ஒன்லைன்ல படிச்ச பெட்ச்சும் இப்ப வர்ற பெட்ச்சும் ஒன்னில்ல.

டிபார்ட்மெண்ட்ல நம்பிக்கையான ஒருத்தர பின்னால ஒக்கார வைங்க. நல்லா இருந்துச்சான்னு அவர்கிட்ட கேக்காதீங்க. கேள்வி கேட்டுட்டு நீங்க எத்தன செக்கன் காத்திருக்கிறீங்க, யார் யார் வாய் தொறக்கிறாங்கன்னு குறிக்கச் சொல்லுங்க. அமெரிக்காவுல கல்வி ஆராய்ச்சி பண்ணின மேரி பட் ரோ 1970கள்லயே காட்டினாங்க, டீச்சர்மார் சாதாரணமா ஒரு செக்கன் அளவுதான் காத்திருக்கிறாங்க, அத மூணு செக்கனாக்கினா பிள்ளைங்களோட பதில் நீளுது, பேசாதவங்களும் பேசுறாங்க. ரெண்டாவது மொழியில யோசிக்கிற பிள்ளைக்கு அதுக்கும் மேல நேரம் குடுக்கலாம்னுதான் நான் சொல்லுவேன்.

கடைசியா அனுமதி. சொந்த வகுப்ப திருத்த மட்டும் பாவிக்கிறதுன்னா பிரச்சின இல்ல, ஆனா வெளியில பேப்பரா எழுதப் போறீங்கன்னா தொடங்குறதுக்கு முன்னமே ஃபெகல்டி எதிக்ஸ் கமிட்டிக்கு போடுங்க. புள்ளி போடுறது நீங்கங்கிறதால பிள்ளைங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. அதனால சம்மதக் கடுதாசிய வேற ஒருத்தர் மூலமா வாங்குங்க, யார் சம்மதிச்சாங்கன்னு ரிசல்ட்ஸ் வர்ற வரைக்கும் நீங்க பாக்கவே வேண்டாம். அந்தக் கடுதாசியும் மூணு மொழியில இருக்கணும்.