புயல் கூண்டு ஏறியிருக்கும்போது பாய்ப்படகுக்காரர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பாய்ப்படகில் போகத் தயாராக இருக்கும்போது வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வருகிறது. சரி, துறைமுகத்திலேயே காத்திருப்போம் என்று முடிவெடுப்பது சுலபம். ஒழுங்காகக் காத்திருப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். என் கணிப்பில் பாதித் தவறுகளுக்கு மூலம் ஒன்றுதான்: "திங்கட்கிழமை ஆபீஸ் போகணும்."

கிளம்பும் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் வானிலை அறிக்கையைத் தேடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஒரு செயலி "வேண்டாம்" என்றால் இன்னொன்றைத் திறந்து பார்ப்பார்கள். புதுச்சேரி 70 கடல் மைலுக்கு மேல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் போனால் 14, 15 மணி நேரம் ஆகும். வழியில் கோவளம், மாமல்லபுரம் எல்லாம் பார்க்க அழகான ஊர்கள்தான், ஆனால் ஒதுங்க இடம் கிடையாது. கிழக்குக் காற்று வலுத்தால் படகைக் கரையை நோக்கித்தான் தள்ளும். ஆகவே காலையில் கடல் எப்படி இருக்கிறது என்பது போதாது, மறுநாள் காலை வரைக்கும் கணிப்பு நன்றாக இருக்க வேண்டும். புயல்களும் கால அட்டவணைப்படி வருவதில்லை. 2024-இல் ஃபெஞ்சல் எப்போது கரையைக் கடக்கும் என்ற கணிப்பு தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. கடந்த பிறகும் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது.

"தாழ்வு மண்டலம்தானே, புயல் இல்லையே" என்பது அடுத்தது. வானிலைத் துறைக் கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை என்றால் தாழ்வு மண்டலம், 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இலிருந்துதான் புயல். அறிக்கையில் "45 கி.மீ. வேகத்தில், இடையிடையே 60 கி.மீ. வரை" என்று வரும். நாம் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறோம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45 எங்கே, 60 எங்கே, பாய்மேல் விழும் சுமை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும்.

கூண்டு எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைப்பார்கள். ஆனால் 2-ஆம் எண், துறைமுகத்தை விட்டு வெளியே போகும் கலங்களுக்கான எச்சரிக்கையேதான். ஐந்தைவிட ஆறும், ஆறைவிட ஏழும் பலமான புயல் என்பதும் தப்பு. துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கடக்கும் என்பதைத்தான் 5-உம் 6-உம் சொல்கின்றன. 7 என்றால் நேராகவோ மிக அருகிலோ கடக்கும் என்று பொருள். கடும் புயலுக்கு 8, 9, 10 அதே வரிசையில் வரும்.

பெரிய கப்பல்களைப் பார்த்து நாமும் வெளியே போய் நங்கூரமிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். 2012-இல் நீலம் புயலின்போது சென்னைக்கு வெளியே நின்ற பிரதீபா காவேரி எண்ணெய்க் கப்பலே நங்கூரம் பிடிக்காமல் பெசன்ட் நகர் கரையில் தரைதட்டியது. நம் படகு எம்மாத்திரம்?

துறைமுகத்துக்குள் படகைக் கட்டும்போது, வாடைக்காற்று அடிக்கிறதென்று வடக்கை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையின் மேலேயே கடந்தபோது, கண் பகுதி வந்ததும் காற்று அடங்கியது; அப்புறம் எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தது. இரண்டு பக்கமும் தாங்குகிற மாதிரி கயிறு போடுங்கள். நைலான் கயிறு இழுவிசைக்கு நீண்டு கொடுக்கும். அறுவது பெரும்பாலும் உலோக விளிம்பில் உரசும் இடத்தில்தான், அங்கே பழைய தீயணைப்பு ஹோஸ் துண்டைச் சுற்றிவிடலாம். முன்பாயைச் சுருட்டி விட்டால் போதாது, கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். மழைநீர் வடியும் துளைகளில் குப்பை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காசிமேட்டு மீன்பிடி விசைப்படகுகள் கிளம்பிவிட்டன, நாமும் போகலாம் என்பார்கள். அவற்றின் எஞ்சின் வேறு, அதை ஓட்டுபவரின் அனுபவமும் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவை கட்டிக் கிடப்பதற்கும் வானிலைக்கும் சம்பந்தமில்லை என்பது இதன் மறுபக்கம்.

கூண்டு இறங்கியதுமே கயிற்றை அவிழ்க்கிற அவசரமும் உண்டு. காற்று நின்றாலும் அலையேற்றம் உடனே அடங்காது. புதுச்சேரியில் மணல் மேடிட்ட முகத்துவாரத்தில் அது உடைந்து விழும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தரும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதோடு, மழைக்குப் பின் கூவமும் அடையாறும் ஆகாயத்தாமரை, மரக்கட்டை, அறுந்த வலை என்று எல்லாவற்றையும் கடலில் கொண்டுவந்து தள்ளியிருக்கும். அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டும்வரை பகல் வெளிச்சம் இருக்கிற மாதிரி புறப்படுங்கள், ஒருவர் படகின் முன்முனையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.