ராத்திரி சாப்பிடாமலே காலையில் சுகர் ஏறுகிறதா? மூன்று நாளில் வீட்டிலேயே பார்க்கும் முறை

அம்மாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். படுக்கும்போது 132 காட்டும் சுகர், விடிந்ததும் வெறும் வயிற்றில் 161 காட்டும். யாருக்கும் தெரியாமல் எதையாவது சாப்பிடுகிறாரோ என்று நினைத்து, ஒருநாள் கேட்டும் விட்டேன். அம்மா கண் கலங்கிவிட்டார். தவறு அவர்மேல் இல்லை, சர்க்கரை வந்தது கல்லீரலிலிருந்து.

படி 1: கல்லீரல் செய்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நம் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை ஒரு டீஸ்பூன் அளவு, சுமார் 5 கிராம். 60 கிலோ எடையுள்ளவர் தூங்கும்போது கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 கிராம் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. மூளை பட்டினி கிடக்கக் கூடாது அல்லவா? கிளைகோஜனாகச் சேர்த்து வைத்ததை உடைத்தும், அமினோ அமிலம், லாக்டேட் போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்தும் கொடுக்கிறது.

குளுக்ககான் என்ற ஹார்மோன் 'கொடு' என்கிறது, இன்சுலின் 'போதும்' என்கிறது. இரண்டும் கணையத்தில் சுரந்து முதலில் போய்ச் சேர்வது கல்லீரலுக்குத்தான். சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது மட்டுமே இன்சுலினின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். ராத்திரியில் அதன் பெரிய வேலை கல்லீரலை அடக்கி வைப்பது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் அந்தப் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும் விடியலை ஒட்டி ஏறும் கார்டிசாலும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும்போது, காலை அளவு ஏறிவிடுகிறது.

படி 2: அளந்து எழுதுங்கள்

படுக்கும் முன், அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் காபிக்கு முன். மூன்று நாள் போதும். கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய் சொல்லும். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் எந்த மீட்டருக்கு எப்போதும் ஸ்ட்ரிப் கிடைக்கிறதோ அதையே வாங்குங்கள். ஆப் எல்லாம் வேண்டாம், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமே நல்லது, டாக்டர் ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

படி 3: 3 மணி அளவைப் பாருங்கள்

படுக்கும்போதே அதிகமாக இருந்து அப்படியே நீடித்தால், ராத்திரி சாப்பாட்டையும் மருந்தையும் கவனிக்க வேண்டும். 3 மணிக்குச் சரியாக இருந்து விடியலில் ஏறினால், அது கல்லீரலின் வேலை. 70க்குக் கீழே இருந்தால் உடனே ஏதாவது இனிப்பு கொடுங்கள், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தளவை நீங்களாக மாற்றவே கூடாது.

அம்மாவுக்கு 3 மணிக்கு 126. டாக்டர் தாளைப் பார்த்து மருந்தை மாற்றிக் கொடுத்தார். சாப்பிட்டதும் மாடவீதியில் அரைமணி நேரம் இருவரும் நடக்கிறோம்.

பிறகு சேர்த்தது: ராத்திரி பட்டினி கிடந்தால் குறையுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்குக் குறையவில்லை. பட்டினியில் இன்சுலின் இறங்கி குளுக்ககான் ஏறும், கல்லீரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியோ, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சுகர் மிகவும் இறங்கிவிடும், அது ஆபத்தும்கூட.

ஓஎம்ஆரில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் 3 மணிக்குப் பதிலாகத் தூக்கத்தின் நடுவில் அளக்கலாம். ஆனால் கார்டிசாலின் கடிகாரம் ஷிப்டுக்குத் தகுந்தபடி முழுதாக மாறிக்கொள்ளாது. அதனால் தூங்கிய நேரத்தையும் அதே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.