கியர் ஆயில் மாற்றப் போகிறீர்களா? முதலில் மேல் போல்ட்டைக் கழற்றுங்கள்

என் வண்டி 2013 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், ஐந்து கியர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். கியர் ஆயிலை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல், 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே வீட்டு வாசலில் மாற்றிக்கொள்கிறேன். இன்ஜின் ஆயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கியர் ஆயிலைத்தான் மறந்துவிடுகிறோம். காலையில் முதல் முறை செகண்ட் கியர் போடும்போது லீவர் முரண்டு பிடித்தால் அதை நினைத்துப் பாருங்கள்.

இது கையால் கியர் போடும் வண்டிகளுக்கான முறை. ஆட்டோமேட்டிக், அதில் ஒரு வகையான சிவிடி வண்டிகளுக்கு ஆயிலும் வேறு, அளவு பார்க்கும் விதமும் வேறு. பல வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவே பார்க்க முடியும். ஏஎம்டி வண்டியில், அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறும் வண்டியில், கியர் பாக்ஸ் சாதாரண வகைதான் என்றாலும், கியரை மாற்றித் தரும் ஹைட்ராலிக் பகுதிக்குப் பல மாடல்களில் தனி ஆயில் உண்டு. அதில் கை வைக்காதீர்கள்.

ஆயில் வாங்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். என் வண்டிக்கு 75டபிள்யூ-80, ஜிஎல்-4. முதலாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும், இரண்டாவது அது எந்த வகை வேலைக்கான ஆயில் என்பதை. உங்கள் வண்டிக்கு எது என்று அதனுடன் வந்த கையேட்டில் பாருங்கள். ஒருமுறை ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "ஜிஎல்-5 இன்னும் உசத்தி சார், இதையே ஊத்துங்க" என்று டப்பாவை எடுத்து வைத்துவிட்டார். எண் பெரிது என்பதால் நம் கியர் பாக்ஸுக்கு உசத்தி ஆகிவிடாது. அது லாரி, ஜீப் போன்ற வண்டிகளின் பின் ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரங்கள் தாங்கும் அழுத்தத்துக்காகச் செய்த ஆயில். கியர் பாக்ஸுக்குள் பித்தளையில் சின்க்ரோ ரிங் இருக்கிறது. கியர் மாறும்போது அது லேசாக உரசிப் பிடித்துத்தான் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும். ஜிஎல்-5 ஆயிலின் வழுக்கலில் அந்தப் பிடி குறைந்துவிடும். அதில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் சில நேரம் பித்தளையையே அரிக்கும். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 தான்.

ஒரு லிட்டர் டப்பா மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர், ஆறு லிட்டர் பிடிக்கிற அகலமான டிரே, நீளமான ஹோஸ் மாட்டிய புனல், கொஞ்சம் பனியன் வேஸ்ட். போல்ட்டின் தலை அறுகோணமா, நடுவில் சதுரக் குழியா என்று முந்தின நாளே குனிந்து பார்த்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் சாவியை வாங்கி வையுங்கள். ஏறக்குறைய பொருந்தும் சாவி போல்ட்டின் தலையை மழுக்கிவிடும்.

பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். சூடான ஆயில் அடியில் தங்கிய கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஆனால் சைலன்சர் பைப் கொதிக்கும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தூக்கி நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகும் வண்டியை ஒருமுறை நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் ரசமட்டம் வைத்து, வண்டி முன்னும் பின்னும் சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கி நின்றால் ஆயில் அளவு தவறாகிவிடும்.

சரி, இப்போது தலைப்புக்கு வருவோம். கியர் பாக்ஸில் இரண்டு போல்ட் இருக்கும். கீழே இருப்பது ஆயிலை இறக்க, பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஊற்ற. மேல் போல்ட் கழன்று கையில் வந்த பிறகுதான் கீழ் போல்ட்டைத் தொட வேண்டும். எதிர்வீட்டுத் தம்பி ஆர்வத்தில் கீழ் போல்ட்டை முதலில் கழற்றி முழு ஆயிலையும் இறக்கிவிட்டான். மேல் போல்ட்டை யாரோ முன்பு அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அசையவே இல்லை, தலையும் மழுங்கிவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டும் போக முடியாதே! கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனார்கள். மேல் போல்ட்டை முதலில் தொட்டிருந்தால், வரவில்லை என்று தெரிந்ததும் பழைய ஆயிலோடு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போயிருப்பான்.

இன்னொன்று, கீழே இன்ஜின் ஆயில் இறக்கும் போல்ட்டும் பக்கத்திலேயே இருக்கும். கழற்றப்போவது கியர் பாக்ஸின் போல்ட்தானா என்று இரண்டு முறை பாருங்கள்.

கீழ் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் முதலில் சற்றுத் தள்ளிப் பாயும், டிரேயை அதற்கேற்ப வையுங்கள். கந்தக நெடி மூக்கில் ஏறும். புது ஆயில் தேன் நிறம் என்றால், இது டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். சொட்டுவது நிற்கக் கால் மணி நேரம் ஆகட்டும். அதற்குள் கீழ் போல்ட்டின் நுனியைப் பாருங்கள். காந்தம் வைத்த போல்ட்டாக இருந்தால், விபூதியைக் குழைத்த மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மைபோல இழைய வேண்டும். அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடினால், சிலும்போ பல் உடைந்த துண்டோ தென்பட்டால், அதை ஒரு தாளில் மடித்துத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதல் நாலைந்து சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். கியர் பாக்ஸின் உடம்பு அலுமினியம், மரை கோணலாக ஏறினால் போயிற்று. அப்புறம் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஹோஸை மேல் துளையில் விட்டு மெதுவாக ஊற்றுங்கள். கெட்டியான ஆயில், அவசரப்பட்டால் புனல் வழிந்துவிடும். துளை விளிம்பைத் தொட்டு ஆயில் வெளியே சொட்ட ஆரம்பித்தால் அதுதான் அளவு. அது மெல்லிய நூலாகி நிற்கும் வரை காத்திருந்து மேல் போல்ட்டை மூடுங்கள். எனக்கு மூன்றாவது டப்பாவில் மிச்சம் இருந்தது.

வண்டியை இறக்கித் தெருவை ஒரு சுற்று சுற்றி, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். இரவு கியர் பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால் எந்த போல்ட் என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். எங்கள் பகுதியில் பாதிப் பேர் வீட்டில் போர் தண்ணீர்தான். காலி டப்பாக்களிலேயே நிரப்பி, பழைய ஆயிலுக்கு டிரம் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப் போவார்கள்.