வர்ணனையாளருக்கு மார்க் போடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அங்கே கிழக்குக் கரை நேரப்படி ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கினால், குளிர்காலத்தில் கும்பகோணத்தில் விடிகாலை ஐந்தரை. என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களை அந்த நேரத்தில் எழுப்பி உட்கார வைப்பதே பெரும்பாடு. உட்கார்ந்துவிட்டால் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, வர்ணனைக்கும் மார்க் போடச் சொல்வேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தரம் தெரியும் என்பார்கள். அது ரேடியோவுக்குச் சரி. டிவியில் பந்து வளையத்துக்குள் விழுந்ததை நானே பார்த்துவிட்டேன், அதையே மறுபடி சொல்ல ஆள் எதற்கு? எனக்குத் தெரியாததைச் சொன்னால் பாராட்டாக ஒரு கோடு, திரையில் தெரிந்ததையே சொன்னால் குற்றத்துக்கு ஒரு புள்ளி. சும்மா இருந்தால் மார்க்கைக் குறைக்காதீர்கள்.

கேமரா எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும். ஸ்கிரீன் போட்டுத் தடுப்பாளரை நிறுத்திய பெண் படத்தின் ஓரத்தில் ஒரு நொடி தெரிவாள், அவ்வளவுதான். ரீபிளே ஓடும்போது அவள் பெயரைச் சொல்லி, "இவளால்தான் அந்த ஷாட்" என்று ஒருவர் விளக்கினால் தாராளமாக ஒரு கோடு.

2024 இறுதி ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் அதில் பழகுங்கள். அயோவா பல்கலைக்கழக அணியின் கெய்ட்லின் கிளார்க் முதல் கால்பகுதியிலேயே 18 பாயிண்ட் எடுத்தார், முழு ஆட்டத்திலும் 30தான். மீதி முப்பது நிமிடத்தில் அவரை யார் மறித்தார்கள், எந்த இடத்தில் பந்து வாங்கவிடாமல் செய்தார்கள்? இதை வர்ணனை சொல்கிறதா என்று பாருங்கள். சவுத் கரோலினா 87-75 என்று ஜெயித்தது, ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில், 51-29. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நட்சத்திரத்தின் பெயரையே ஜபித்தால் புள்ளி மேல் புள்ளி வையுங்கள்.

விதி தெரியுமா என்பதைச் சுலபமாகப் பிடிக்கலாம். பெண்களுக்குப் பத்து நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி, ஆண்களுக்கு இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. பெண்கள் ஆட்டத்தில் ஒரு கால்பகுதியில் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது ஃபவுல் விழுந்ததுமே எச்சரிப்பவர் கெட்டிக்காரர். விசில் ஊதிய பிறகு சொல்வதை நாங்களே சொல்லிவிடுவோம்.

பாரபட்சத்துக்கும் காது கொடுங்கள். வர்ணனையாளர் ரெபெக்கா லோபோ, 1995இல் தோல்வியே காணாமல் கோப்பை வென்ற யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அணியில் ஆடியவர். யூகான் ஆட்டத்துக்கு அவர் பேசும்போது இரண்டு அணியின் ஃபவுலுக்கும் ஒரே தராசா என்று கவனிப்பேன். என் காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது.

நம்ம ஊர்ப் பொங்கல் கபடியில் ரெய்டு நடந்துகொண்டிருக்கும்போதே மைக்காரர் நன்கொடையாளர் பட்டியலை வாசிப்பார். கூடைப்பந்திலும் பந்து கைமாறும்போது அடுத்த வார ஒளிபரப்புக்கு விளம்பரம் சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு இரண்டு புள்ளி. வீராங்கனையின் தலைமுடி அலங்காரம் பற்றிப் பேசினால் மூன்று.

கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தனிச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எத்தனை டைம்-அவுட் மிச்சம், யார் நான்கு ஃபவுலோடு, இன்னொன்று விழுந்தால் வெளியே என்ற நிலையில் ஆடுகிறாள், ஷாட் எடுக்க மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் எவ்வளவு நேரம்: இந்த மூன்றும் கேட்காமலே காதில் விழ வேண்டும்.