கோப்பை கழுவியதும் ஒரு கேள்வி

டர்பனில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் யுனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) தொலைநிலைக் கல்வியாகக் கணக்கியல் படிக்கும் பிள்ளைகள் பலர் ‘ஆர்வமே வரவில்லை’ என்கிறார்கள். ஆர்வத்துக்காகக் காத்திருந்தால் தேர்வுதான் முதலில் வரும்.

‘இன்று படிப்பேன்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டுக்கு வந்து, தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்ததும், சமையலறை மேசையில் பழைய வினாத்தாளின் ஒரு கேள்விக்கு விடை எழுதுவேன்’ என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே ஆராய்ந்த முறை இது. கோப்பை கழுவுவது எப்படியும் நடக்கும் (எங்கள் வீட்டில் அம்மா விடமாட்டார்). அதன் வாலைப் பிடித்துக்கொண்டு படிப்பும் வரும். ஒரே கேள்விதான், பேராசை வேண்டாம்.

மின்வெட்டுக்கும் ஒரு வரி: ‘விளக்கு அணைந்தால், கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்த பாடத்தைப் படிப்பேன்.’